கிருமியா கிரகமா

அம்மிணி, சித்தெ அக்கட்ட நகந்து உக்காரு. ஆ, போதும். இந்த முட்டி மடங்கவே மாட்டேங்குது. திருப்பூருக்கா? நானும் அங்கதான், மவ வூட்டுக்கு. கழுத்துல அட்டையைத் தொங்க வுட்டிருக்கறயே, நீயும் கோடிங்கா? இல்லையா? பனியன் கம்பெனி ஆபீஸா. அதுவும் நல்ல வேலைதான், நெழல்ல உக்காந்து பாக்கறது. எம்பட மருமவளும் இப்படித்தான் ஒரு அட்டை மாட்டியிருப்பா. வூட்லயே உக்காந்து வேலை பாக்கறப்பவும் மாட்டிக்குவா. யாருக்குக் காட்டறதுக்குன்னு கேட்டா சிரிப்பா, பதில் வராது. ஊமைக் கோட்டான்.

கோடிங்னா என்னன்னு எனக்கும் மொதல்ல தெரியாது. பையன் காதலிச்சுக் கட்டிக்கிட்டு வந்து நிக்கறான், பொண்ணு சங்கரன்கோயில் பக்கம், பேரு சுடர்விழி, கோடிங் வேலைங்கறான். நான் அது ஏதோ தையல் வேலையாக்கும்னு நெனச்சுக்கிட்டேன். பொறவுதான் வெளங்குச்சு. அமெரிக்காவுல ஒருத்தனுக்கு நோவுன்னு வெய்யி. அவன் ஆஸ்பத்திரிக்குப் போறான், டாக்டரு பாத்துட்டு என்ன ஏதுன்னு எழுதறாரு. அந்த எழுத்து கடல் தாண்டி கோபிச்செட்டிபாளையத்துல எங்கூட்டு மாடிக்கு வந்துருது. இவ அதைப் படிச்சுப்போட்டு நம்பர் போடறா. நோவுக்கு ஒரு நம்பர். அந்த நோவைக் கொண்டாந்த கிருமிக்கு இன்னொரு நம்பர். நம்பர் இருந்தாத்தான் இன்சூரன்ஸ்காரன் பணம் குடுப்பானாம். அதுலயும் கிருமியோட நம்பர் முன்னால வரவே கூடாதாம். நோவு முன்னால, கிருமி பின்னால. மாப்பிள்ளை இல்லாம மாப்பிள்ளைத் தோழன் மட்டும் மணவறையில ஏறி உக்கார முடியுமா, அந்தக் கணக்கு.

இன்னொரு சட்டம் இருக்குது. அதுதான் எம்பட உசுரை வாங்குச்சு. எந்தக் கிருமி, எதனால வந்துச்சுன்னு டாக்டரு வாயால வரோணும். அவரு எழுதலைன்னா, இவளுக்குக் கண்ணு முன்னால பளிச்சுனு தெரிஞ்சாக்கூட இவ எழுதக் கூடாது. வேணும்னா டாக்டருக்குக் கேள்வி அனுப்பலாம். அதுலயும், இந்தக் கிருமிதானுங்களேன்னு ஊட்டி வுடற மாதிரி கேக்கக் கூடாதாம். என்ன காரணம்னு நீங்களே சொல்லுங்கன்னு பொதுவாத்தான் கேக்கோணும்.

அந்த வேலை பாத்துப் பாத்து இவளுக்கு வூட்லயும் அதே புத்தி வந்துருச்சு. ஒரு நா கொழம்புல உப்பு தூக்கலாப் போச்சு. நாந்தான் வெச்சேன். வேற எவளா இருந்தாலும், அத்தை உப்புக் கரிக்குதுங்கன்னு நேரா சொல்லுவா. இவ ஒரு வாய் தின்னுட்டு, "கொழம்பு எப்படி இருக்குங்க அத்தை, நீங்க சாப்பிட்டுப் பாத்தீங்களா?"ன்னு கேக்கறா. அவ சொல்ல மாட்டா, நானே சொல்லோணும். எப்படி இருக்குது பாரு கதை.

சரி, நடந்ததைச் சொல்றேன். வண்டி ஊத்துக்குளி போறதுக்குள்ள முடிச்சுப்போடறேன். நீ போனைப் பாக்கறதுன்னா பாரு, காது மட்டும் குடு.

எம்பட மவ தாரணிக்குக் காங்கயத்துப் பக்கம் மாப்பிள்ளை அமைஞ்சுது. நல்ல குடும்பம், தோட்டந்தொறவு, மாப்பிள்ளைக்குத் திருப்பூர்ல வேலை. மாப்பிள்ளையோட அம்மா கோகிலாமணி, கெட்டிக்காரி, சிரிச்ச மொகம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. பெரியப்பா அர்த்தநாரிதான் எல்லாத்துக்கும் முன்னால நிக்கறவரு. தும்முனாலும் சகுனம் பாத்துத் தும்மற மனுசன். தாரணிக்கு அந்தப் பையனை நெம்பப் புடிச்சுப் போச்சு. பேசி முடிச்ச நாள்ல இருந்து ரெண்டு பேருக்கும் போனு காதுலயே ஒட்டிக்கிச்சு.

நிச்சயத்துக்குச் சமையலுக்குப் பெருந்துறை பொன்னுராசைச் சொன்னோம். எல்லாம் அவனே பாத்துக்கிட்டான். ஆனா தேங்காச் சோறு மட்டும் எம்பட கை. எங்க சொந்தத்துல எந்த விசேசமா இருந்தாலும், துளசிமணி கை தேங்காச் சோறு இருக்குதான்னு கேட்டுட்டுத்தான் கெளம்புவாங்க. பொன்னுராசு, நானே செஞ்சுடறனுங்க அம்மான்னு ரெண்டு மூணு வாட்டி சொன்னான். அடுத்தவன் செஞ்ச தேங்காச் சோத்தை எம்பட மவ நிச்சயத்துல பரிமாறறதுக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்?

விசேசம் ஜாம் ஜாம்னு நடந்துச்சு. வெத்தலை பாக்கு மாத்தியாச்சு, பந்தி முடிஞ்சுது. அர்த்தநாரி எம்பட சோத்தை மூணு தரம் கேட்டு வாங்கித் தின்னாரு. பொறவு வூட்டுக்குன்னு ஒரு பொட்டலமும் கட்டி வாங்கிக்கிட்டாரு. மகராசனா இருங்கன்னு அனுப்பி வெச்சேன்.

வண்டி காங்கயம் போய்ச் சேரலை. வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திப் போயிருக்கறாங்க. ஒருத்தரு எறங்கி வாந்தி எடுத்துட்டு ஏறுனா இன்னொருத்தரு எறங்கறாங்களாம். பாதிப் பேருக்கு மேல வாந்தி, வயித்தால போறது. அர்த்தநாரியை ஆஸ்பத்திரில சேத்து, பாட்டில் மாத்தி மாத்தி ஏத்தியிருக்கறாங்க. எங்க பக்கமும் படுத்துக்கிட்டாங்க. எங்கூட்டுக்காரரு மட்டும் தப்பிச்சாரு. சக்கரை நோவுன்னு அவரு சோத்தைத் தொடறதில்லை, பொன்னுராசு போட்ட இட்டிலியைத் தின்னுட்டு எந்திரிச்சுட்டாரு. ஆண்டவன் காப்பாத்துனான். எனக்கும் ஒண்ணுமில்லை. சமைச்சவளுக்கு எங்க பசிக்குது, நான் மோரைக் குடிச்சுட்டு நின்னுக்கிட்டேன்.

சுடருக்கும் வாந்தி. இதுல ஒரு கூத்து. கொல்லைப்பக்கம் நின்னு அவ ஓங்கரிக்கறதைக் கேட்டதும் எனக்கு ஊர்ச் சேதி எல்லாம் மறந்து போச்சு. கட்டிக்கிட்டு வந்து வருசம் ஆகுதே, இப்பவாவது நல்ல சேதி வந்துச்சேன்னு ஓடிப் போய்க் கைநெறையச் சக்கரை அள்ளிக்கிட்டு வந்து வாயில போடப் போயிட்டேன். அவ கையெடுத்துக் கும்புட்டா. "அத்தை, அது இல்லைங்க. சாப்பாடுங்க"ன்னா. எனக்கு எரிச்சலாப் போச்சு. அந்தப் பொன்னுராசு குடும்பம் நல்லா இருக்குமான்னு மண்ணை வாரித் தூத்துனேன். அவன்தான காளான் வறுவல் போட்டவன். காளான் எந்தக் குப்பையில மொளைச்சுதோ.

அன்னிக்குப் பொழுதோட சுடரு எந்திரிச்சு வந்து எம்பட பக்கத்துல உக்காந்தா. மொகம் வெளுத்துக் கெடக்குது. "அத்தை, அந்தத் தேங்காய்ச் சோறு எப்படிச் செஞ்சீங்க? மொதல்ல இருந்து சொல்லுங்க"ன்னா. எனக்கு மனசு குளுந்து போச்சு, அம்மிணி. வந்த நாள்ல இருந்து ஒரு சமையலும் எங்கிட்டக் கேட்டதில்லை அவ. வாந்தி எடுத்தும் அந்த ருசி அவளுக்கு மறக்கலை பாரு.

சொன்னேன். உனக்கும் சொல்றேன், உம்பட மாமியாளுக்குச் செஞ்சு போடு. சோத்தை மொத நாள் பொழுதோடயே வடிச்சிரோணும். விசேசத்தன்னிக்குக் காத்தால எவ அடுப்புக்கிட்ட நிக்கறது? வடிச்ச சோத்தை ஆற வுடக் கூடாது, ஆறுனா வெரைச்சுக்கும். சூட்டோட சூடாப் பெரிய போசில கொட்டி, தேங்காயைத் தாளிச்சுப் போட்டு, மூடி, மேல ரெண்டு ஜமுக்காளத்தைச் சுத்தி அடுப்போரமா வெச்சிரோணும். விடிஞ்சு தொட்டாலும் பச்சைப் புள்ளை ஒடம்பாட்டம் இளஞ்சூடு இருக்கும். எல்லாத்துக்கும் மேல, கரண்டி போடவே கூடாது. கரண்டி பட்டாப் பருக்கை ஒடைஞ்சிரும். கையிலதான் பெசறி உதுக்கோணும். அதுதான் எம்பட ரகசியம்.

அதுக்கு முந்தின வாரந்தான் தேங்கா தொருவுறப்பக் கையைக் கிழிச்சுக்கிட்டேன். இதா, இந்த ஆள்காட்டி விரலு. இப்ப ஆறிப்போச்சு. அப்ப சீழ் வெச்சு எலுமிச்சங்கா மாதிரி வீங்கிக் கெடந்துச்சு. அதுக்காவப் பெத்த மவ நிச்சயத்துக்குச் சோறு பெசறாம இருக்க முடியுமா? மஞ்சளை அப்பித் துணி சுத்திக்கிட்டேன். துணியில சோறு ஒட்டுது, பாக்க நல்லா இல்லைன்னு பெசறுறப்ப அவுத்துப்போட்டேன். சுத்தம்னா நான் அப்படிப் பாப்பேன். இத்தனையும் சுடருகிட்டச் சொன்னேன். அவ கடைசியில எம்பட கையை எடுத்து, அந்த விரலையே கொஞ்ச நேரம் பாத்தா.

"அத்தை, இதை வேற யாருகிட்டயும் சொல்லாதீங்க. யாரு கேட்டாலும் சொல்லாதீங்க. சரியா?"

பாத்தியா? குடும்ப ரகசியம் வெளிய போகக் கூடாதுன்னு அவளுக்கு அத்தனை அக்கறை. காதல் கண்ணாலம்னு நான் எத்தனை நா மொகத்தைத் திருப்பியிருக்கறேன். அன்னிக்கு மொத வாட்டியா, பொண்ணு பரவால்லைன்னு தோணுச்சு.

அதுக்குப் பொறவுதான் வெனை வந்துச்சு. மாப்பிள்ளை வூட்ல இருந்து பேச்சே இல்லை. உப்பு ஜவுளிக்கு நாள் குறிக்கோணும், உப்பு வாங்கித்தான கண்ணாலத் துணி எடுக்கறது எங்க பக்கம், அதுக்கு அவங்க வாயே தொறக்கலை. மாப்பிள்ளை போனும் வரலை. பெரியப்பா ஆஸ்பத்திரில கெடக்கறப்ப என்னத்தைப் பேசறதுன்னு அந்தப் பையன் தயங்கிக்கிட்டு இருந்திருக்கறான். தாரணி போனை மடியில வெச்சுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. வட்டல்ல போட்ட சோறு அப்படியே காயும். பெத்தவளுக்கு அதைப் பாக்க முடியுமா? இந்தச் சம்பந்தம் கையை வுட்டுப் போச்சுன்னா எம்பட மவ எந்திரிக்க மாட்டாள்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

பொறவு ஒருத்தரு மூலமாச் சேதி வந்துச்சு. அர்த்தநாரி டிஸ்சார்ஜ் ஆனதும் நேரா ஜோசியர்கிட்டப் போயிருக்கறாரு. நிச்சயத்தன்னிக்கு இப்படி ஆச்சுன்னா அது கிரகக் கோளாறு, பொண்ணு வூட்டுக்குப் புதுசா வந்த கால் ஒண்ணு இருக்குது, அது சரியில்லைன்னு அந்த ஜோசியரு சொல்லிட்டாராம். புதுசா வந்த கால் யாரு காலு? சுடரு காலுதான்.

ஒரு ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் எங்கூட்டுக்கு வந்தாங்க, அர்த்தநாரியும் கோகிலாமணியும். பொன்னுராசையும் வரச் சொல்லியிருந்தேன். அவன் வரலை. வேற முகூர்த்தம் இருக்குதுங்கன்னுட்டான். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க. எம்பட நெஞ்சைத் தொட்டுப் பாரு, கல்லாட்டம் இருக்குது.

அர்த்தநாரி எளைச்சுப் போயி வேட்டி இடுப்புல நிக்காம உக்காந்திருந்தாரு. காப்பி வேணுமான்னேன். வேண்டாங்கன்னாரு. பலகாரம்னேன். கையை வேகமா ஆட்டுனாரு. நேரா விசயத்துக்கு வந்துட்டாரு. ஆஸ்பத்திரிக் காயிதத்தை எல்லாம் எடுத்துச் சுடரு கையில குடுத்து, "அம்மிணி, நீ இந்த வேலையிலதான் இருக்கறயாமா. இது எதனால வந்துச்சுன்னு படிச்சுச் சொல்லு. கிருமின்னா கிருமின்னு சொல்லிப்போடு, நாங்க உப்பு ஜவுளிக்கு நாள் பாத்துட்டுப் போறோம். கிருமி இல்லைன்னா அது கிரகம்"னாரு.

எனக்கு உசுரு வந்துச்சு. ஒரே ஒரு வார்த்தை. கிருமிதானுங்கன்னு இவ வாயைத் தொறந்து சொன்னாப் போதும், எம்பட மவ பொழைச்சுக்குவா. பழி பொன்னுராசு தலையில போய் உக்காந்துக்கும். அறைக்கதவுக்குப் பின்னால தாரணி நிக்கறது எனக்குத் தெரியுது.

சுடரு காயிதத்தைப் பெரட்டுனா. ஒண்ணு டாக்டரு எழுதுனது, ஒண்ணு லேப்புல குடுத்தது. லேப்புக் காயிதத்துல ஒரு எடத்துல வந்ததும் அவ கண்ணு நின்னு போச்சு. தலையைத் தூக்கி எம்பட விரலைப் பாத்தா. நான் கண்ணைக் காட்டுனேன், சொல்லு சொல்லுன்னு. அவ காயிதத்தை மடிச்சுத் திரும்பக் குடுத்துட்டா.

டாக்டரு வெறும் வயித்துக் கோளாறுன்னு மட்டும் எழுதியிருக்கறாரு, காரணம் எழுதலைங்க. லேப்புல ஒரு பேரு வந்திருக்குது, ஆனா அதனாலதான் இதுன்னு டாக்டரு சேத்து எழுதலை. அவரு சேக்காததை நான் சேக்கக் கூடாதுங்கன்னா. கிளிப்புள்ளை ஒப்பிக்கற மாதிரி சொல்லிப்போட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

அர்த்தநாரி வுடலை. "தெரியலைங்கறயா, சொல்லக் கூடாதுங்கறயா?"

"சொல்லக் கூடாதுங்க, பெரியப்பா."

எனக்கு அவளைப் புடிச்சு நாலு சாத்துச் சாத்தலாம்னு இருந்துச்சு. வூடு பத்திக்கிட்டு எரியறப்ப, தண்ணி மோக்கறதுக்குச் சட்டம் பேசறாளே பாவின்னு பல்லைக் கடிச்சேன். அமெரிக்காக்காரனா வந்து இங்க உக்காந்திருக்கறான்? எங்கூட்டுக்காரரு எப்பவும் போல மேல சுத்தற ஃபேனைப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

அர்த்தநாரி துண்டை ஒதறித் தோள்ல போட்டாரு. "அப்ப ஜோசியரு சொன்னது சரியாப் போச்சு. வந்த கால் சரியில்லை. சாதி சனம் பாக்காம, நாளும் கெழமையும் பாக்காமக் கூட்டிக்கிட்டு வந்தா இப்படித்தான்"னாரு.

சுடருக்குக் கண்ணுல தண்ணி கோத்துக்கிச்சு, அதைத் தொடைக்கக்கூட இல்லை. அப்படியே நின்னா.

எனக்கு வந்துச்சு பாரு கோவம். இத்தனை நா அவளை நான் பேசியிருக்கறேன், ஏசியிருக்கறேன், இல்லைங்கலை. நான் மாமியா, நான் பேசுவேன். எங்கூட்டு நடுவுல உக்காந்துக்கிட்டு எம்பட மருமவளை நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேச இவரு யாரு? சம்பந்தம் போனாப் போகட்டும்னு ஒரு நொடி தோணிப் போச்சு அம்மிணி, பெத்த தாயி நான், எனக்கே அப்படித் தோணிப் போச்சு. எந்திரிச்சு நின்னுட்டேன்.

எம்பட மருமவ காலுல ஒரு குத்தமும் கெடையாதுங்கன்னேன். அவ வந்த நாள்ல இருந்து எங்கூட்டு வெளக்கு அணைஞ்சதில்லை. வாந்தி எடுத்து முடியாமக் கெடந்தவ, அடுத்த நா எந்திரிச்சு வேலைக்கு உக்காந்து, எடையில வந்து எனக்குக் கஞ்சி வெச்சுக் குடுத்தா. அவ காலைப் பேசறதுன்னா மொதல்ல என்னையப் பேசுங்க. எங்கூட்டுச் சுத்தம் என்ன, பத்தியம் என்னன்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன். "அத்தை, வேண்டாங்க"ன்னு சுடரு எம்பட முந்தானையைப் புடிச்சு இழுக்கறா. எனக்கு எங்க காதுல வுழுகுது. குடும்ப ரகசியம் போனாப் போகட்டும், மானம் பெருசுன்னு எல்லாத்தையும் எடுத்து வுட்டேன். மொத நாளே வடிச்சதுல இருந்து, ஜமுக்காளம் சுத்துனதுல இருந்து. கரண்டி படாம இந்தக் கையாலதானுங்க பெசறுனேன், சீழ் வெச்ச வெரலுன்னுகூடப் பாக்கலை, துணியையும் அவுத்துப்போட்டுப் பெசறுனேன், எம்பட மவ நல்லா இருக்கோணும்னு அத்தனை வலியையும் பொறுத்துக்கிட்டுச் செஞ்சனுங்க, இப்படிப்பட்ட வூட்லயா கிரகம் வந்து உக்காரும்னு கேட்டு, வெரலை அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டிப்போட்டேன்.

வூடே அமைதியாப் போச்சு. பேச்சுன்னா அப்படிப் பேசோணும் அம்மிணி. அர்த்தநாரி எம்பட வெரலையே பாக்கறாரு. அப்ப அதுல இன்னும் ஈரம் இருந்துச்சு. பாத்துக்கிட்டே இருந்தவரு, மெதுவா ஒரு கையை எடுத்து வவுத்து மேல வெச்சுக்கிட்டாரு. மனசு எளகிருச்சுன்னா சில பேருக்கு அப்படித்தான், வவுத்தைப் பெசையும்.

கோகிலாமணி மொதல்ல முந்தானையை எடுத்து வாயைப் பொத்துனா. தோளு குலுங்குது. அழுவறாளாக்கும்னு பாத்தா சிரிக்கறா. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. சந்தோசம். பொறவு சுடரைப் பாத்து, இதைத்தான் சொல்ல மாட்டேன்னயா கண்ணுன்னு கேட்டா. சுடரு எம்பட முந்தானையை இன்னும் வுடலை. "சொல்ல வேண்டியவங்களே சொல்லிட்டாங்க அத்தை"ன்னா. கோகிலாமணியையும் அத்தைன்னே கூப்பிட்டுட்டா பாரு. எம்பட பேச்சுல அவளுக்குப் பெருமை தாங்கலை. சிரிக்கறதா அழுவறதான்னு தெரியாம நிக்கறா.

கோகிலாமணி எந்திரிச்சுப் போய் சுடரு கண்ணைத் தொடைச்சு வுட்டுப்போட்டு அர்த்தநாரி பக்கம் திரும்புனா. "மாமா, கிரகமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்க. கேட்டுட்டு உப்பு ஜவுளிக்கு நாள் பாருங்க"ன்னா. அந்த மனுசன் கேட்டாரு, அம்மிணி. தப்பாப் பேசிப்போட்டேன் மனசுல வெச்சுக்காதன்னு வாயால கேட்டாரு. கதவுக்குப் பின்னால தாரணி விசும்பற சத்தம் கேட்டுச்சு. எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. ஒரு பேச்சுல சம்பந்தத்தைக் காப்பாத்திப்போட்டேன் பாத்தியா.

மரியாதைன்னா மரியாதை, அப்படி ஒரு மரியாதை எனக்கு அதுக்குப் பொறவு. அர்த்தநாரி போறப்ப எம்பட முன்னால நின்னு ரெண்டு கையையும் எடுத்துக் கும்புட்டாரு. கண்ணாலத்துக்கு நீங்க அடுப்புப் பக்கமே வரக் கூடாதுங்க, பட்டுச் சேலை கட்டி முன்னால உக்காந்தாப் போதுமுங்க, சாப்பாட்டுச் செலவு பூராவும் எங்களோடதுன்னாரு. எந்தச் சம்பந்தி சொல்லுவான்? ஆனா அவங்க யாரைச் சமையலுக்கு வெச்சாங்க தெரியுமா? அதே பொன்னுராசை! எனக்கு ஆறுமா சொல்லு. இத்தனை பேரைப் படுக்க வெச்சவனைக் கூப்பிட்டு மாலை போடாத கொறையா வெச்சிருக்கறாங்க. எம்பட மவ கண்ணாலத்துல தேங்காச் சோறு அவன் கை. நான் மணவறையோரமாப் பொம்மையாட்டம் உக்காந்திருந்தேன். அர்த்தநாரி அந்தச் சோத்தையும் மூணு தரம் வாங்கித் தின்னாரு. அன்னிக்கு ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. பயந்துக்கிட்டு ஒழுங்காச் செஞ்சிருப்பான்.

அந்த ஞாயித்துக்கெழமை அவங்க கெளம்புன கையோட சுடரு என்னைய டாக்டருகிட்டக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. வெரலுக்குத்தான். வேண்டாம்னாக் கேக்கலை. அந்த டாக்டரு சீழை எடுத்து லேப்புக்கு அனுப்பி, மருந்து குடுத்தாரு. பொறவு காயிதம் வந்துச்சு. சுடரு அதைப் படிச்சுட்டு, "இவரு அழகா எழுதியிருக்காருங்க அத்தை. வெரல் புண்ணு, அதுக்குக் காரணம் இந்தக் கிருமின்னு ரெண்டையும் சேத்து எழுதியிருக்காரு. புண்ணு நம்பர் முன்னால, கிருமி நம்பர் பின்னால. கேள்வியே கேக்க வேண்டியதில்லை"ன்னு, நகைக் கடையில புது நகை பாத்தவளாட்டம் சந்தோசப்பட்டா.

கிருமி பேரு என்னன்னேன். சொன்னா, வாயில நொழையலை. அர்த்தநாரி காயிதத்துல இருந்தது என்ன பேருன்னேன். காயிதத்தை மடிச்சு வெச்சா. பொறவு அதேதானுங்கன்னா.

பாத்தியா? நான் அப்பவே சொன்னேனா இல்லையா? பொன்னுராசு கொண்டாந்த கிருமி, அவன் ஏனத்துல இருந்து எம்பட வெரலுக்கும் ஏறியிருக்குது. வவுத்துக்குள்ள போகாம வெரலோட நின்னுருச்சு, ஏன்னா நான் அவன் சமைச்சதைத் தொடலை. புண்ணு அதுக்கு முந்தியே இருந்துச்சேங்கறயா? நீயும் எங்கூட்டுக்காரரு மாதிரியே பேசற. கிருமிக்கு நாளும் கெழமையும் தெரியுமா?

அதைத்தான் சுடருகிட்டயும் கேட்டேன். அவ கட்டு மாத்திக்கிட்டு இருந்தா. தெனமும் அவதான் வெந்நித் தண்ணில கழுவி, மருந்து வெச்சு, துணி சுத்துவா. சமையலறைக்குள்ள என்னைய வுடறதே இல்லை. ஆறட்டும் அத்தை, ஆறட்டும் அத்தைன்னு எல்லாத்தையும் அவளே பாத்துக்குவா. ஏன் சுடரு, நோவுக்கு நம்பர் இருக்குது, கிருமிக்கு நம்பர் இருக்குது, அந்தக் கிருமி யாரு கையில இருந்து வந்துச்சோ அந்த ஆளுக்கு என்ன நம்பரு, அதை எடுத்து எழுது, நான் அந்தப் பொன்னுராசு மூஞ்சியில வீசறேன்னேன்.

அவ நிமிந்து பாக்கலை. எம்பட வெரலைப் பூவாட்டம் புடிச்சுத் துணியைச் சுத்திக்கிட்டே சொன்னா.

"யாரு கையில இருந்து வந்துச்சுங்கறதுக்கு நம்பர் கெடையாதுங்க அத்தை. நாங்க அதை எழுதறதில்லை."

பாரு அம்மிணி அநியாயத்தை. அத்தனை ஆயிரம் நம்பர் வெச்சிருக்கறான் அமெரிக்காக்காரன், முக்கியமான ஒண்ணை வெக்கத் தெரியலை. அந்தப் பொன்னுராசுப் பய அதுலயே தப்பிச்சுக்கிட்டான்.